பழைய ஒரு அங்குலப் படத்தில் உங்கள் ஊர்க் குளத்தைத் தேடுவது எப்படி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வயல் வைத்திருக்கிற எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு பேச்சு வரும்: "நம்மட வட்டைக்கு மேலால முந்தி ஒரு குளம் கிடந்த, இப்ப இருந்த இடமே தெரியாது." வட்டை என்றால் வயல்வெளி. சொல்கிறவருக்கு எண்பது வயது, கேட்கிறவர்களில் பாதிப்பேர் நம்புவதில்லை. உண்மையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, அது ஆங்கிலேயர் காலத்தில் அளந்து வரைந்த ஒரு அங்குலப் படம். அதை எப்படி வாங்குவது, எப்படி வாசிப்பது, இன்றைய நிலத்தோடு எப்படிப் பொருத்துவது என்று எனக்குக் கைவந்த அளவில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொறுமையாகப் படித்தால் அடுத்த லீவிலேயே நீங்கள் ஒரு குளத்தைத் தேடிப் போகலாம்.

முதலில் படம் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். நில அளவைத் திணைக்களம் 1800 இல் தொடங்கியது. நிலத்தில் ஒரு மைல், தாளில் ஒரு அங்குலம் என்ற கணக்கில் முழு இலங்கையையும் 72 தாள்களாக அவர்கள் போட்டார்கள், அதனால்தான் ஒரு அங்குலப் படம் என்கிறோம். விகிதமாக எழுதினால் 1:63,360. பிறகு மெட்ரிக் முறைக்கு மாறியபோது 1:50,000 அளவில் 92 தாள்களாகப் புதிய வரிசை வந்தது. உங்களுக்கு இரண்டும் வேண்டும், ஏனென்றால் பழையதைத் தனியாகப் பார்த்தால் அழகாக இருக்குமே தவிர என்ன மாறியது என்று தெரியாது. திணைக்களத்தின் தலைமையகம் கொழும்பு நாரஹேன்பிட்டியில் கிருள வீதியில் இருக்கிறது. அங்கே போய் "எங்கட பிரதேச செயலகப் பிரிவுப் படம் தாங்க" என்று கேட்டால் வேறு ஏதாவது கிடைக்கும். தாளின் பெயரையோ இலக்கத்தையோ சொல்லித்தான் கேட்க வேண்டும், அதற்கு அங்கே உள்ள சுட்டிப்படத்தில் உங்கள் ஊரைத் தொட்டுக் காட்டினால் போதும். ஊர் தாளின் ஓரத்தில் விழுந்தால் பக்கத்துத் தாளையும் சேர்த்தே வாங்குங்கள். என் ஊர் ஒரு தாளில், எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் ஓடை இன்னொரு தாளில், அதனால் நான் இரண்டு தடவை கொழும்புக்குப் பயணம் போக வேண்டியதாயிற்று.

இன்னொன்று: பழைய தாளில் அம்பாறை மாவட்டம் என்று தேடாதீர்கள். 1961 இல்தான் அது தனி மாவட்டமானது, அதுவரை பாணமை வரைக்கும் எல்லாம் மட்டக்களப்பு. உள்ளே பிரித்திருப்பதும் பற்றுகளாகத்தான்: கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, மண்முனைப்பற்று, எருவில் போரதீவுப்பற்று, கரவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று இப்படி. வீட்டில் பழைய உறுதி இருந்தால் அதிலும் இதே பெயர்தான் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே தேடுவது சுகம்.

சரி, படம் கைக்கு வந்துவிட்டது. ஊரைத் தேடுவதற்கு முன்னால் ஓரத்தில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சடித்த ஆண்டு என்று மூன்று இருக்கலாம். அச்சடித்த ஆண்டை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். நாற்பதுகளில் அச்சிட்ட தாளில் அதற்கு முப்பது வருடத்துக்கு முந்திய நிலம் இருக்கலாம், மேலால் ஒரு றோட்டை மட்டும் சேர்த்துவிட்டு மறுபடி அச்சடித்திருப்பார்கள். ஓரம் கிழிந்துபோயிருந்தால், அல்லது உங்களிடம் இருப்பது யாரோ எடுத்த கொப்பியாக இருந்தால், நம் பக்கத்தில் காலம் குறிக்க நல்ல அடையாளங்கள் இருக்கின்றன. கல்லடிப் பாலம் கட்டியது 1924. மட்டக்களப்புக்கு ரெயில் வந்தது 1928. கல்லோயாத் திட்டம் தொடங்கியது 1949, அதற்குப் பிறகுதான் இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம். கல்லடியில் பாலம் இருந்து, தண்டவாளமும் இருந்து, இங்கினியாகலையில் பெரிய நீலப்பரப்பு இல்லாமல் வெறும் காடும் ஆறுமாக இருந்தால் அந்தப் படத்தில் உள்ள நிலம் 1928க்கும் ஐம்பதுகளுக்கும் இடைப்பட்டது. மண்முனையில் பாலம் இருந்தால் 2014க்குப் பிந்தியது, அதைப் பழைய படம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இனி அளவு. ஒரு சதுர மைல் 640 ஏக்கர், ஆகவே தாளில் ஒரு சதுர அங்குலம் 640 ஏக்கர். இதை வைத்து ஒரு குளத்தின் பரப்பை வீட்டு மேசையிலேயே கணக்குப் பார்க்கலாம். அங்குலத்தைப் பத்தாகப் பிரித்த கட்டங்கள் உள்ள கிராஃப் தாள் வாங்கி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அதைக் கொப்பி எடுத்து, குளத்தின் மேல் வையுங்கள். ஒரு சின்னக் கட்டம் 6.4 ஏக்கர். முழுதாக நீலம் விழுந்த கட்டங்களை எண்ணி, பாதி விழுந்தவற்றை அரை அரையாகக் கூட்டுங்கள். ஐந்து கட்டம் வந்தால் 32 ஏக்கர் குளம். 1:50,000 தாளில் ஒரு சதுர சென்ரிமீற்றர் 25 ஹெக்ரேயர், ஏறக்குறைய 62 ஏக்கர். இரண்டிலும் ஒரே குளத்தை அளந்து பாருங்கள், குளம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது அப்படியே தெரிந்துவிடும். ஆனால் கொப்பியில் அளப்பதாக இருந்தால் முதலில் கீழே உள்ள மைல்கோலை அடிமட்டத்தால் அளக்க வேண்டும். ஒரு கடையில் எனக்குக் கொப்பி எடுத்துத் தந்தவர் தாளுக்குள் அடங்கட்டும் என்று சுருக்கி அடித்துவிட்டார், நான் அது தெரியாமல் ஒரு கிழமை கணக்குப் போட்டு எல்லாக் குளத்தையும் சின்னதாக எழுதிவைத்தேன். ஒரு மைல் சரியாக ஒரு அங்குலம் வராவிட்டால் அந்தக் கொப்பியில் எதையும் அளக்காதீர்கள்.

இப்போது முக்கியமான பகுதி. மலைநாட்டுக்காரர் படம் வாசிக்கும்போது சமவுயரக் கோட்டைப் பார்ப்பார்கள். நமக்கு அது உதவாது. நூறு அடிக்கு ஒரு கோடு போட்ட படத்தில் எழுவான்கரை (வாவியின் கிழக்குக் கரை) முழுவதும், படுவான்கரையில் (மேற்குக் கரையில்) மைல் கணக்கான வயல்வெளியும் ஒரு கோடும் இல்லாமல் வெறுமையாகக் கிடக்கும். அதைப் பார்த்து "எல்லாம் தட்டையான நிலம்" என்று விட்டுவிடாதீர்கள். நம் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைச் சொல்வது தண்ணீர். ஒரு குளத்தின் உருவத்தைக் கிட்டே வைத்துப் பாருங்கள், முடிந்தால் பூதக்கண்ணாடியால். ஒரு பக்கம் வளைந்தோ நேராகவோ ஒரு தடித்த கோடு ஓடும், அது குளக்கட்டு. மற்றப் பக்கம் விரல் விரலாகப் பிரிந்து கிழிந்த துணி மாதிரி இருக்கும், அது அலைகரை. கட்டு இருக்கும் பக்கம் பள்ளம், அலைகரை இருக்கும் பக்கம் மேடு. நம் பக்கத்தில் ஆறுகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வாவிக்கோ கடலுக்கோ போகிறபடியால் கட்டுகளும் அதிகமாகக் கிழக்குப் பக்கத்தில்தான் இருக்கும். எங்காவது கட்டு வடக்கே திரும்பியிருந்தால் அந்த இடத்தில் நிலம் உள்ளூரச் சரிகிறது என்று அர்த்தம், அங்கே நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத சரிவு அது.

கைவிட்ட குளம் வேறு மாதிரி இருக்கும். கட்டுக்கோடு இருக்கும், நீலம் இருக்காது, நடுவில் கோடு அறுந்து அந்த அறுந்த இடத்தால் ஒரு ஓடை புகுந்து போகும். உடைந்த கட்டு அது. அப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று நான்கு அறுந்த கோடுகள் ஒரே ஓடையில் வந்தால் அது பழைய காலத்துத் தொடர்குளம், மேல்குளம் நிரம்பி வான் வழியாக வழிகிற தண்ணீரைக் கீழ்க்குளம் பிடிக்கிற ஏற்பாடு. உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி, இறக்காமம், சாகாமம் போன்ற பெரிய குளங்களை எல்லாரும் உடனே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் அவற்றைத் தாண்டி, அவற்றுக்கு இடையில் மிளகு சிந்தியது போலக் கிடக்கும் சின்னச் சின்ன நீலப் புள்ளிகளைப் பாருங்கள். மோட்டை, மடு, வில்லு என்று ஊரில் சொல்வது எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. கல்லோயா இடதுகரை வாய்க்கால் வந்த பிறகு 4ஆம் கொலனி, 12ஆம் கொலனி, வெல்லாவெளிப் பக்கம் 37ஆம், 40ஆம் கொலனி என்று இலக்கத்தில் ஊர்கள் வந்தன. அந்த இடங்களைப் பழைய தாளில் பார்த்தால் காடும் சேனையும் இந்தச் சின்னக் குளங்களும்தான். வாய்க்கால் தண்ணீர் வந்ததும் சின்னக் குளம் தேவைப்படவில்லை, கட்டை வெட்டிச் சமப்படுத்தி உள்ளே நெல் போட்டார்கள். அந்த வயல்கள் மாரியில் இன்றைக்கும் முதலில் தண்ணீர் நிற்கிற வயல்களாக இருக்கின்றனவா என்று வயல்களின் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கிற வட்டவிதானையிடம் கேட்டுப் பாருங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் பக்கத்தில் தண்ணீர் நின்ற இடங்களை நான் பழைய தாளில் பென்சிலால் குறித்தபோது முக்கால்வாசி பழைய ஓடையிலும் மோட்டையிலும்தான் விழுந்தது. வீடு கட்ட, கிணறு வெட்டக் காணி பார்க்கிறவர்களுக்காவது இந்தத் தாளை ஒருமுறை காட்ட வேண்டும் என்று எனக்கு மனம் அடித்துக்கொள்வது இதனால்தான்.

பெயர்களைப் படிக்கத் தனிப் பொறுமை வேண்டும். எழுதியவர் ஆங்கிலத்தில் எழுதினார், சொன்னவர் தமிழிலோ சிங்களத்திலோ சொன்னார், இடையில் ட, த, ற மூன்றும் ஒன்றாகிவிட்டன, ழ ள ஆகிவிட்டது. மனதுக்குள் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மூன்றாம் தடவை சொல்லும்போது நம் சொல் வந்துவிடும். கடைசிச் சொல்லைத் தனியாகப் பிடியுங்கள். முனை, துறை, தீவு, வெளி, தரவை, சேனை, கண்டம், ஓடை: இவை ஒவ்வொன்றும் நிலம் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று சொல்லும். தரவை என்றால் மாடு மேய்ந்த வெளி, இன்றைக்கு அங்கே வீட்டுத்திட்டம் நிற்கலாம். துறை என்றால் தோணி வந்த இடம். சம்மாந்துறையில் சம்பான் வந்து கட்டியதால்தான் அந்தப் பெயர் என்று ஊரார் சொல்வார்கள். அம்பிளாந்துறை, குருமண்வெளி என்று வாவியின் இரு கரையிலும் துறைகளைத் தொட்டுக்கொண்டே போனால் பாலங்கள் வருவதற்கு முன் எழுவான்கரையும் படுவான்கரையும் எப்படிப் போய்வந்தன என்பது தெரியும். ஆற்றுக்கு இரண்டு பெயர் இருப்பதையும் கவனியுங்கள், மேலே கல்லோயா என்பது கீழே வரும்போது பட்டிப்பளை ஆறு. இந்தக் கல்லோயாவை ரெயில்பாதையில் உள்ள கல்லோயா சந்தியோடு குழப்பவும் கூடாது, அது அபறணைப் பக்கம், இந்த ஆற்றோடு ஒரு சம்பந்தமும் இல்லை. மலைகளுக்கு ஆங்கிலேயர் தங்கள் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தார்கள்: நம் குடும்பிமலை அவர்களுக்குப் பிரபுவின் தொப்பி, சியம்பலாண்டுவைப் பக்கத்துக் கோவிந்தஹெல வெஸ்ட்மின்ஸ்டர் அபே. அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு இது நம் பகுதித் தாள் இல்லையோ என்று மடித்து வைத்துவிடாதீர்கள்.

தாள் கைக்கு வரும்வரை பழகிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அமெரிக்காவின் பழைய படங்களை எடுக்கலாம். அந்த நாட்டுப் புவியியல் அளவை நிறுவனம் 1884 முதல் 2006 வரை போட்ட படங்களை டோப்போவியூ என்ற தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது, இன்றைய நிலத்தோடு இடம் பொருத்தி முடித்த படமாகவே தரவிறக்கலாம். ஓக்லஹோமா மாநிலத்தில் டிரம்ரைட் பக்கத்தை எடுத்துப் பாருங்கள், 1912 இல் குஷிங் எண்ணெய் வயல் கண்டுபிடித்த இடம் அது. அவர்களின் 1:62,500 படம் நம் ஒரு அங்குலப் படத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். பண்ணை நிலத்தை மைலுக்கு மைல் சதுரமாக வெட்டியிருக்கிறார்கள், ஒரு சதுரம் 640 ஏக்கர், ஆகவே தாளில் றோட்டுகள் அங்குலக் கட்டம் கட்டமாக நிற்கும். அந்தக் கட்டங்களுக்குள் சின்னச் சின்ன வட்டங்கள் எண்ணெய்க் கிணறுகள். 2024 இல் லோரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுகூடத்துக்காரர் இதே மாதிரிப் பழைய படங்களைக் கணினிக்குப் படிக்கக் கொடுத்து, கலிபோர்னியாவிலும் ஓக்லஹோமாவிலுமாக நான்கு கவுண்டிகளில் எந்தப் பதிவிலும் இல்லாத கிணறுகளாக இருக்கக்கூடிய 1,301 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். பதிவில் உள்ள கிணற்றுக்கு 100 மீற்றருக்குள் வந்த வட்டங்களை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை, அந்த ஒழுங்கை நாமும் பின்பற்றலாம்: பழைய புள்ளி இன்றைய குளம் ஒன்றுக்குப் பக்கத்தில் விழுந்தால் அதைப் புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணாதீர்கள். அங்கே மூடாமல் விட்ட கிணற்றிலிருந்து மீதேன் கசிகிறது என்று தேடுகிறார்கள், இங்கே நாம் தேடுவது தண்ணீர்.

அடுத்தது இன்றைய படத்தின் மேல் பழையதை வைப்பது. ஸ்கேன் எடுக்கும்போது 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு) குறையாமல் எடுங்கள், அப்போது ஸ்கேனில் ஒரு புள்ளி நிலத்தில் ஐந்து மீற்றர் சொச்சம் வரும். போனில் படம் பிடிப்பதானால் தாளைத் தரையில் விரித்து நேர் மேலே நின்று பிடிக்க வேண்டும், சரிந்து பிடித்தால் ஒரு பக்கம் வீங்கும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஜியோரெஃபரன்சர் என்று ஒன்று இருக்கிறது. அதில் பழைய தாளில் ஒரு இடத்தைத் தொட்டு, அதே இடத்தைச் செய்மதிப் படத்தில் தொட வேண்டும். குறைந்தது எட்டு இடம் எடுங்கள், தாளின் நான்கு மூலையும் நடுவும் அடங்கட்டும். எந்த இடத்தைத் தொடுவது என்பதில்தான் வெற்றி இருக்கிறது. முகத்துவாரத்தைத் தொடாதீர்கள், அது வருடத்துக்கு வருடம் நகரும். கடற்கரையையும் தொடாதீர்கள், 2004 சுனாமியும் அதற்கு முந்திய பிந்திய அரிப்பும் அதை மாற்றிவிட்டன. நகராததைத் தேடுங்கள்: புளியந்தீவுக் கோட்டையின் மூலை, கல்லடிப் பழைய பாலத்தின் இரண்டு தலை, தனிக் கற்பாறை, பழைய கோயில், பள்ளிவாசல், பெரிய குளத்துக் கட்டின் நுனி, பழைய றோட்டுச் சந்தி.

தாளின் மூலையில் உள்ள அகலாங்கு நெட்டாங்கை அப்படியே கூகுள் எர்த்தில் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் பழைய படங்கள் கண்டவளைத் தளம் என்ற பழைய அளவை அடிப்படையை வைத்து வந்தவை, கூகுள் பாவிப்பது வேறு அடிப்படை. நேராகப் போட்டால் நம் பக்கத்தில் 200 மீற்றர் அளவுக்கு விலகும், நீங்கள் பக்கத்து வட்டையில் நின்று குளம் தேடுவீர்கள். கண்டவளை வலையில் உள்ள தாளுக்கு கியூஜிஐஎஸ்ஸில் 5234 என்ற இலக்கத்தையும், 1999க்குப் பிந்திய புதிய வலைக்கு 5235 ஐயும் தெரிவு செய்யலாம். எனக்குக் கேட்டால், முதல் தடவை செய்கிறவர்கள் இந்தத் தலையிடிக்குள் போகாமல் செய்மதிப் படத்தில் தொட்டுப் பொருத்துவதே நல்லது, விலகல் தானாகவே அதில் கழிந்துவிடும். மென்பொருள் காட்டும் பிழை பத்து ஸ்கேன் புள்ளிக்குள் நின்றால் நிலத்தில் ஐம்பது மீற்றர் சொச்சம், ஒரு குளத்தைக் கண்டுபிடிக்க அது போதும்.

எதற்குப் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தாளில் அரை மில்லிமீற்றர்ப் பென்சில் கோடு நிலத்தில் 32 மீற்றர் அகலம். ஆகவே இதை வைத்து வரம்புச் சண்டைக்குப் போகாதீர்கள், யாருடைய காணி என்று இதில் ஒரு எழுத்தும் இல்லை. காணிக்குக் கிராமத்து இறுதிப் பிளானும் உறுதியோடு வரும் பிளானும்தான், அவை சங்கிலிக் கணக்கில் பெரிதாக வரைந்தவை. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இது குளத்துக் காணி, நீ எழும்பு" என்று இன்னொருவருடைய வயலுக்குள் இறங்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எழுபது வருடம் அந்த மண்ணில் நெல் விளைவித்த குடும்பத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

கடைசியாக, தாளோடு நிலத்துக்குப் போவது. சிறுபோக வெட்டு முடிந்து மழைக்கு முன்னால், ஓகஸ்ட் செப்டெம்பர் அளவில் போங்கள், வயல் காய்ந்து கிடக்கும், நிலத்தின் வளைவு தெரியும். காலை வெயில் சரிந்து விழுகிற நேரம் இன்னும் நல்லது. ஒரு வயதானவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், வயல் முதலாளியான போடியாரை விட மாடு மேய்த்தவர், போடியாரின் வயலில் நின்று வேலை பார்த்த முல்லைக்காரராக இருந்தவர் என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு பள்ளமும் அவருடைய காலுக்குத் தெரியும். அவரிடம் படத்தைக் காட்டி "இது எங்கே" என்று கேட்காதீர்கள், படம் வாசிக்கத் தெரியாததால் அவர் சங்கடப்படுவார். அந்த இடத்துக்கு அவரையே நடத்திக்கொண்டு போகச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால், பொருத்திய பழைய படமும் நீங்கள் நிற்கும் இடமும் தெரிகிற போனைப் பார்த்துக்கொண்டு நடங்கள்.

எங்கள் வட்டையில் நான் தேடியது தாளில் பெயர் எழுதாத ஒரு நீலப் புள்ளி, கிராஃப் கட்டத்தில் ஒன்றரை, பத்து ஏக்கர் அளவு. அப்பாவின் வழியில் எனக்குப் பெரியப்பா முறையான ஒருவர் முன்னால் நடந்தார். போனில் என் புள்ளி பழைய நீலத்துக்குள் நுழைகிற இடத்தில் அவர் நின்று, காலால் வரம்பைத் தட்டி, "இதுக்குள்ளதான் மனே கிடந்த. இத்தியடி மோட்டை. மறுகா வாய்க்கால் தண்ணி வந்தாப்போல வெட்டிச் சமப்படுத்திப்போட்டானுகள்" என்றார். எனக்கு அங்கே எல்லா வரம்பும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அவர் கிறுகி நின்று கையை நீட்டிக் காட்டிய பிறகுதான் பார்த்தேன், மற்ற வரம்புகள் நேராக ஓட இந்த ஒன்று மட்டும் வில்லாக வளைந்து போகிறது, உயரமும் ஒரு முழம் கூட. அதன் நடுவில் புல்லுக்குள் இரண்டு கருங்கல் நீளவாக்கில் கிடந்தது, குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய துருசின் கல். அளந்து பார்த்தோம், தாளில் உள்ள கட்டுக்கும் இந்த வரம்புக்கும் இடையில் நாற்பது மீற்றர்தான் வித்தியாசம்.

இப்படி ஒன்று கிடைத்தால் அன்றைக்கே எழுதிவிடுங்கள்: கொப்பியின் பின்பக்கத்தில் தாளின் இலக்கம், அளந்த ஆண்டு, நீங்கள் போன திகதி, போனில் எடுத்த அகலாங்கு நெட்டாங்கு, கூட வந்தவர் சொன்ன பெயர் அவர் சொன்ன உச்சரிப்பிலேயே. முடிந்தால் அவர் அந்தப் பெயரைச் சொல்வதைப் போனில் பதிந்தும் வையுங்கள். எங்கள் தாளில் அந்த நீலப் புள்ளிக்குப் பக்கத்தில் இத்தியடி மோட்டை என்று சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறேன், அதற்குக் கீழே இன்னும் பெயரில்லாத புள்ளிகள் ஆறு இருக்கின்றன.